குதிரையை விட்டு இறங்கிப் படியுங்கள்

கல்கியின் சோழர் கால நாவல் பொன்னியின் செல்வனைப் பள்ளி நாளில் படித்தவர்கள் நடுவயதில் திரும்ப எடுத்தால் என்ன நேர்கிறது என்று எழுதக் கேட்டிருந்தோம். ஆந்திர எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: பதினான்கு வயதில் கோடை லீவில் ஐந்து பாகத்தையும் பதினாறே நாளில் முடித்தவள் நான். இப்போது ஐம்பத்து இரண்டு. போன மாதம் மறுபடி எடுத்தேன். முதல் பாகத்தில் நூறு பக்கம் தாண்டவில்லை. "அடுத்து என்ன" என்பது தெரிந்துபோனதால் அலுப்பா, இல்லை எனக்குத்தான் படிக்கும் பழக்கம் போய்விட்டதா? (வாசகி, குப்பம்)

பழக்கம் போகவில்லை அம்மா. பதினான்கு வயதில் படித்த வேகத்திலேயே இப்போதும் படிக்கப் பார்க்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

அந்த வயதில் எல்லோரும் ஓலை கொண்டுபோகும் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடியவர்கள்தான். ஓலை யாரிடம் போகும், பிடிபடுவானா, தப்புவானா என்பதுதான் நம்மை இழுத்துக்கொண்டு போனது. முடிவு தெரிந்த பிறகு அந்த இழுவிசை இருக்காது. அதே சாலையில் மறுபடி ஓடினால் கால் வலிக்கத்தான் செய்யும்.

கதை எப்படி வந்தது என்று ஒரு கணக்குப் பாருங்கள். கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16இல் முடிந்தது. ஏறத்தாழ 185 வாரம், மொத்தம் 293 அத்தியாயம். வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம்தான் வாசகருக்குக் கிடைத்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சு விழுவதும், நடந்ததை அடிக்கடி நினைவுபடுத்துவதும் இதனால்தான். ஒரு வாரம் காத்திருந்தவருக்கு அந்த நினைவூட்டல் தேவைப்பட்டது. ஒரே மூச்சில் 20 அத்தியாயம் படிப்பவருக்கு அதுவே சுமையாகிறது. ஆகவே நாளைக்கு 2 அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவதைப் படிக்கக் கை பரபரத்தால் நல்ல அறிகுறி. அப்போதும் மூடி வையுங்கள்.

அடுத்தது, வேறு ஒருவரைப் பின்தொடருங்கள். எங்கள் பரிந்துரை பெரிய பழுவேட்டரையர். சிறு வயதில் அவர் நமக்கு யார்? கிழவர், இளம் மனைவி நந்தினியின் மோகத்தில் மதியிழந்தவர், சதிகாரர். இப்போது கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் நடக்கும் அந்தக் கூட்டத்தை மட்டும் எடுத்து, மறைந்திருந்து கேட்கும் வந்தியத்தேவனை மறந்துவிட்டு, பேசுகிறவரின் வாயை மட்டும் கவனியுங்கள். அரசர் படுக்கையில் கிடக்கிறார். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில் பொன்னால் மாளிகை கட்டுகிறான். கடல் தாண்டி ஈழத்தில் நடக்கும் போருக்கு இங்கிருந்து உணவு போகிறது. முடிவுகள் தம்மைக் கேட்காமலே எடுக்கப்படுகின்றன. இதைச் சொல்பவர் 24 போர்களில் 64 விழுப்புண் பட்டவர். நாட்டின் தனாதிகாரி, தானியாதிகாரி. வீட்டுக் கணக்கோ அலுவலகக் கணக்கோ பார்த்த எவருக்கும் அந்தக் குறைகளில் பாதி நியாயம் என்று படும். நியாயமான மனக்குறை எந்த இடத்தில் துரோகமாகத் திரும்புகிறது என்று தேடிக்கொண்டே போங்கள். ஐந்து பாகத்துக்கும் அந்த ஒரு தேடல் போதும்.

கூட ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப் பக்கத்தில் பெயர், வலப் பக்கத்தில் அவர் யாரிடம் எதை மறைக்கிறார் என்பது. பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் பாகத்தில் நின்றுவிடுகிறார்கள். நந்தினியின் பிறப்பும் வளர்ப்பும் அதற்குள் பலமுறை சொல்லப்பட்டுவிடுவதுதான் காரணம். "இதைத்தான் முன்னமே படித்தோமே" என்று தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். கரிகாலன் சொல்வது ஒரு விதம், அவளோடு வளர்ந்த ஆழ்வார்க்கடியான் சொல்வது வேறு விதம். நந்தினியோ ஆளுக்குத் தக்கபடி மாற்றிச் சொல்கிறாள். சொன்னவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் நோட்டில் குறித்து வந்தால், நான்காம் பாகம் முடியும்போது அவள் யாரிடமாவது முழு உண்மை பேசினாளா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தொடரை ஆரம்பித்தபோது கல்கிக்கு 51 வயது. நீங்கள் இப்போது அவர் வயதுக்கு வந்திருக்கிறீர்கள்.

கேள்வி: கடையில் ஒரே நாவல் பத்து விதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையும் ஏணி வைத்தாற்போல் இருக்கிறது. எதை வாங்குவது? (வாசகர், நகரி)

கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமை ஆயின. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; அச்சிடுகிறார்கள். பதிப்பகப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையிலெடுத்துப் பாருங்கள்.

முதலில் அத்தியாய எண்ணிக்கை. புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. எந்தப் பாகத்திலாவது குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு, அட்டையில் அப்படிப் போடாவிட்டாலும். சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது படகோட்டியும் சோதிடரும் வழிப்போக்கரும் பேசும் பேச்சுகள். கதைக்கு அவை வேண்டாம் என்று வெட்டுகிறவருக்குப் படும். மறுவாசிப்புக்கு வருகிறவருக்கு அவைதான் சாப்பாடு. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கல்கி எழுதிய முடிவுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கதை மாந்தர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அதில் பதில் சொல்கிறார். சில மலிவுப் பதிப்புகளில் அது இருக்காது.

அடுத்து கட்டமைப்பு. புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புகளாகச் சேர்ந்திருந்தால் நூல் தையல். நேராக வெட்டிய தாள்கள் கோந்தில் ஒட்டியிருந்தால் வெறும் பசை. 500 பக்கத்துக்கு மேல் போகும் பசைக் கட்டு இரண்டு கோடை தாங்கினால் அதிசயம். சித்தூர் வெயிலில் பசை காய்ந்து நடுவில் பிளந்துவிடும். ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்த ஒற்றைத் தொகுதி அலமாரிக்கு அழகு, மடிக்குப் பாரம். மல்லாந்து படுத்துப் படிக்கிறவர்கள் தனித்தனிப் பாகமாக வாங்குவதே நல்லது.

மூன்றாவது, வாங்கும் இடத்திலேயே பக்க எண்களை விசிறிப் பாருங்கள். 16 பக்க ஃபாரம் ஒன்று விடுபட்டோ இரண்டு முறை சேர்ந்தோ போவது அச்சுலகில் சாதாரணம். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். தொடர் வந்தபோது வாசகர் பார்த்த முகங்கள் அவை.

கேள்வி: என் நைனா வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு போட்டு வைத்த தொகுப்பு இருக்கிறது. தாள் பழுப்பேறி, திருப்பினால் ஓரம் உதிர்கிறது. வெள்ளிப் பூச்சியும் உண்டு. அதிலேயே படிக்க ஆசை. (வாசகர், புத்தூர்)

படிக்கலாம், ஆனால் முதலிலிருந்து கடைசி வரை அதிலேயே வேண்டாம். அன்றாட வாசிப்புக்குப் புதுப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பாகத்துக்கு ஓரிரு அத்தியாயம் மட்டும் அதில் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் விளம்பரமும் துணுக்கும் சேர்ந்து வரும். அது புதுப் பிரதியில் கிடைக்காது.

பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலேயே அமிலம் இருக்கிறது. வெளிச்சமும் வெக்கையும் பட்டால் வேகமாகப் பழுப்பேறி நொறுங்கும். இதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, மெதுவாக்கலாம்.

பூச்சிக்கு: தொகுப்பை இரண்டு பாலிதீன் பைகளில் அடுத்தடுத்துப் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, வாயை ஒட்டி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் பையோடு வெளியே இருக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். பிறகு மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து ஓரம் நோக்கித் துடையுங்கள்.

ஸ்டேப்ளர் கம்பிகள் துரு ஏறியிருந்தால் மொட்டைக் கத்தியால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். துரு இருக்கும் இடத்தில்தான் தாள் முதலில் ஓட்டையாகும். கிழிசலுக்குச் செல்லோடேப் கூடவே கூடாது. சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகக் கசிந்து எழுத்தையே மறைக்கும். உரித்தால் தாளும் கூட வரும். மைதாப் பசை போதும். 2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி வடிகட்டி, ஆறிய பின் மெல்லிய டிஷ்யூத் தாளைக் கிழிசல் மேல் வைத்து ஒட்டி, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். ஏற்கெனவே நொறுங்கும் தாளுக்கு அது வேண்டாம், நஞ்சும்கூட. லாமினேஷன் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் தொகுப்பைத் தராதீர்கள்; அந்தச் சூட்டை இந்தத் தாள் தாங்காது, செய்ததை மாற்றவும் முடியாது.

கேள்வி: ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன் நான். மாணவனாக இருந்தபோது எல்லாமே சரித்திரம் என்று நம்பினேன், பிறகு எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கினேன். இப்போது படிக்கும்போது எந்தக் கோட்டில் நிற்பது? (வாசகர், திருத்தணி)

ஐயா, நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். திருவாலங்காடு உங்களுக்குக் கூப்பிடு தூரம். 1905இல் அங்கே கிடைத்த செப்பேடு முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; 31 ஏடுகள். அதன் வடமொழிப் பகுதியில் சோழர் குல வரலாறு வருகிறது. ஆதித்த கரிகாலன் மறைந்தபின் குடிகள் அவன் தம்பி அருள்மொழியை (பின்னாளின் ராஜராஜன்) அரசேற்க வேண்டினார்கள் என்றும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும் வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் அது சொல்கிறது. ஐந்தாம் பாகத்துக்குத் தியாகச் சிகரம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு சுலோகத்தில் அடங்கிய சேதியை 91 அத்தியாயமாக்கி முடிசூட்டு விழாவரை கொண்டுபோயிருக்கிறார். அந்தப் பாகத்தை எடுக்கும் முன் செப்பேட்டின் தமிழாக்கத்தில் இந்த இடத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கொலைக்கும் சான்று உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, "பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்" என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைக் குறித்து, அவர்கள் உறவினர் நிலம்வரை பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. நாவலின் மந்திரவாதி ரவிதாசனின் பெயர் இங்கிருந்து வந்ததுதான். கதை தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில். இந்தக் கல்வெட்டு இருப்பது அதே ஏரிக்கு அருகில். முதல் அத்தியாயத்திலேயே கொலையாளிகளின் பெயர் பின்னாளில் பொறிக்கப்படப்போகும் இடத்தைக் கடந்துதான் குதிரை போகிறது என்று தெரிந்து படித்தால், ஆடிப்பெருக்கின் அந்தக் கும்மாளம் வேறு மாதிரி ஒலிக்கும்.

கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் பட்டமேறியது 985இல். கொலை நடந்ததோ ஏறக்குறைய 15 ஆண்டு முன்னால். நடுவே ஆண்ட உத்தம சோழன் காலத்தில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? வரலாற்று ஆசிரியர்கள் நெடுங்காலமாக விவாதிக்கும் கேள்வி இது. கல்கி தம் கதைக்குள் இதற்கு ஒரே விடை என்று எதையும் ஆணி அடித்து வைக்கவில்லை. வகுப்பில் கேள்வித்தாள் திருத்திய கண்ணோடு, கொலை நடக்கும் அத்தியாயங்களில் யார் எங்கே நின்றார்கள், விளக்கு எப்போது அணைந்தது என்று குறித்துப் பாருங்கள். எதை வேண்டுமென்றே இருட்டில் விட்டார் என்பது தெரியும்.

கோட்டைக் கேட்டீர்களே, இப்படிப் போடலாம். சுந்தர சோழன், குந்தவை, செம்பியன் மாதேவி, உத்தம சோழன், பழுவேட்டரையர் குடி, அன்பில் அநிருத்தர் ஆகியோர் கல்லிலும் செம்பிலும் இருப்பவர்கள். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, மணிமேகலை, ஊமை ராணி ஆகியோர் கல்கியின் பிள்ளைகள். வந்தியத்தேவன் நடுக்கோட்டில் நிற்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை "வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்" என்று குறிக்கிறது. பெயரும் உறவும் அங்கே கிடைக்கின்றன. துடுக்கு, பசி, அகப்பட்டுக்கொள்ளும் அவசரப் புத்தி எல்லாம் கல்கி கொடுத்தவை.

கேள்வி: நாவலில் வரும் இடம் என்றால் எல்லோரும் தஞ்சாவூருக்கும் பழையாறைக்கும் போகிறார்கள். நம் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லையா? (வாசகர், பள்ளிப்பட்டு)

இருக்கிறது, அதுவும் தஞ்சாவூரில் இல்லாதது. சோழர்கள் வடக்கெல்லையில் அடிபட்டதும் இறந்ததும் நம் பக்கத்தில். செத்த இடத்தை வைத்தே அரசனுக்குப் பெயர் சொல்வது அந்தக் காலக் கல்வெட்டு மரபு. "துஞ்சின" என்று எழுதுவார்கள், உறங்கினான் என்று. தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் என்றால் முதலாம் ஆதித்தன். காளஹஸ்தியை அடுத்த தொண்டமநாட்டில் அவன் மகன் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது அரசன் சமாதிமேல் கட்டிய கோயில், நிற்கிறது. யானைமேல் துஞ்சினவன் ராஜாதித்தன். 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்கன் பூதுகன் கையால் விழுந்தான். ஆற்றூர்த் துஞ்சினவன் அரிஞ்சயன், அதாவது சுந்தர சோழனின் தந்தை. அவனுக்குப் பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை மேல்பாடியில் இருக்கிறது. பொன்மாளிகைத் துஞ்சினவன் சுந்தர சோழனே.

இந்த நான்கு பெயரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் நாவலின் பாதிப் பயம் புரியும். தஞ்சைக் கோட்டைக்குள் எல்லோரும் எதற்கு இவ்வளவு பதறுகிறார்கள், கரிகாலன் ஏன் காஞ்சியை விட்டு வரமறுக்கிறான் என்று சிறு வயதில் கேட்டிருப்போம். தக்கோலத்தில் விழுந்த அடிக்கும் கதை நடக்கும் காலத்துக்கும் இடையே இருபது வருடத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். கிழவர்கள் எல்லோருக்கும் அந்தப் போர் நேற்று நடந்தது போல.

ஒரு நாள் பயணமாக: சித்தூரிலிருந்து பொன்னை வழியாக மேல்பாடி, வள்ளிமலை, திருவல்லம். மேல்பாடியில் சோமநாதேசுவரர் கோயிலும் அதையடுத்துச் சிறியதாகச் சோளீசுவரமும் இருக்கின்றன; சிறியதுதான் பள்ளிப்படை. கூட்டம் இராது. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் சுவர் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் தங்கிப் படிக்க வாகாக இருக்கும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். திருவல்லம் பொன்னையாற்றங்கரையில் சம்பந்தர் பாடிய தலம், வாணர் என்ற பழைய அரச குலத்தின் ஊர். வந்தியத்தேவனைக் கல்கி வாணர் குலத்தவனாக்கியதும் வல்லத்துக்காரனாக்கியதும் இந்த மண்ணை வைத்துத்தான். அவன் நம்மூர்ப் பையன். சோழ நாட்டின் தண்ணீரைக் கண்டதும் அவன் அப்படி வாய்பிளக்கிறானே, வருடத்தில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் பொன்னையாற்றைப் பார்த்துவிட்டு அந்த முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள்.

தொண்டமநாட்டையும் தக்கோலத்தையும் இதோடு சேர்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு திசை.

கேள்வி: பிள்ளைகள் தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. நான் மறுபடி படிக்கும்போது அவர்களையும் கூட வைத்துக்கொள்ள முடியுமா? (வாசகி, சித்தூர்)

முடியும் அம்மா, வாய்விட்டுப் படித்தால். ஓர் அத்தியாயம் 20 நிமிடத்திலிருந்து அரை மணி பிடிக்கும். இரவில் ஒன்று என்று வையுங்கள்.

முதல் அத்தியாயத்திலேயே ஏரியின் வரலாறு, வெள்ளம், கூட்டம் என்று வருணனை நீளும். பிள்ளைகள் அதில் நழுவிவிடுவார்கள். ஏரியில் படகு விடும் பகுதியை மட்டும் படித்துவிட்டு, ஆழ்வார்க்கடியான் தடியும் கையுமாகச் சண்டைக்கு நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். முன்குடுமியும் நாமமும் பெருமாள் பெருமையும் திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமா என்ன? மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவன் வாயில் பாசுரம் வரும்போது அந்த மொழியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவர்களுக்கே தோன்றும்.

இரண்டாவது வாரத்திலிருந்து எழுத்து. வந்தியத்தேவன் பேசும் வரிகளை மட்டும் பிள்ளை படிக்கட்டும், மற்றதை நீங்கள். தெலுங்கு எழுத்து தெரிந்த பிள்ளைக்குத் தமிழெழுத்து சில வாரத்தில் பிடிபடும். தடுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். அங்கே ka, kha, ga, gha என்று தனித்தனி எழுத்து. இங்கே ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். "குங்குமம்" என்ற சொல்லில் இரண்டு ஒலியும் இருக்கிறது, அதை வைத்துக் காட்டுங்கள். ந, ன இரண்டும் குழப்பும். சொல்லின் தொடக்கத்தில் ந, நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் ன என்ற அளவில் இப்போதைக்கு விட்டுவிடலாம். ழகரத்துக்காகக் கதையை நிறுத்தாதீர்கள். பூங்குழலியின் பெயரை நூறு முறை சொல்லும்போது தானே வந்துவிடும்.

இன்னொரு சாவியும் உங்கள் கையில் இருக்கிறது. ராஜராஜனின் மகளுக்கும் குந்தவை என்றே பெயர், அத்தையின் பெயர். அவளை வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன். பிள்ளைகளின் தெலுங்குப் பாடத்தில் நன்னய பட்டரு வருவாரே, ஆதிகவி, அவர் பாரதத்தைத் தெலுங்கில் தொடங்கியது இந்த நரேந்திரனின் அவையில். அவர்கள் பள்ளிப் புத்தகத்து ராஜாவின் பாட்டனார்தான் ஈழத்தில் யானைப்பாகனாக வேடம் போட்டு வருகிறவர் என்று சொல்லுங்கள்.

கேள்வி: படம் பார்த்த பிறகு நடிகர் முகம் குறுக்கே வருகிறது. (வாசகர், குடியாத்தம்)

மணிமேகலையிலிருந்து தொடங்குங்கள். 2022, 2023இல் வந்த இரண்டு படங்களிலும் அவள் கிடையாது, அதனால் அவளுக்கு உங்கள் மனத்தில் இரவல் முகம் இல்லை. கடம்பூரில் அண்ணன் வாயால் கேட்டே ஒருவனை மனத்தில் வரித்துக்கொண்ட பெண் அவள். எல்லோருக்கும் அவள் குழந்தை, விளையாட்டுப் பிள்ளை. யாரும் அவளை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. முதல் வாசிப்பில் நாமும் எண்ணியிருக்கமாட்டோம். மணிமகுடம் யாருக்கு என்று ஐந்து பாகம் நடந்த கதையை கல்கி கடைசியில் கொண்டுபோய் முடிப்பது இந்தப் பெண்ணிடம்தான். அவள் வரும் அத்தியாயங்களை மட்டும் காகிதம் செருகி அடையாளம் வைத்து ஒரு சுற்றுப் படித்துவிட்டு, பிறகு முதலிலிருந்து வாருங்கள். மற்றவர்களுடைய சினிமா முகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும்.

கேள்வி: கண் ஒத்துழைக்கவில்லை. செல்போனில் படிக்கலாமா, காதால் கேட்கலாமா? (வாசகர், காளஹஸ்தி)

போனில் வேண்டாம், திரை சின்னது, பத்து வரிக்கு ஒரு முறை தள்ளவேண்டி இருக்கும், பெயர்கள் மனத்தில் நிற்காது. டேப்லெட் இருந்தால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் மின்பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒலிநூல் ஏற்கெனவே படித்தவருக்கு நன்றாகவே பொருந்தும். வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். கண்ணாடி மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் புத்தகம் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் படிக்கும் கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஆடிப்பெருக்கன்று தொடங்கலாம் என்றிருக்கிறோம், அக்கா தங்கை மூன்று பேர். எப்போது முடியும்? (வாசகி, நாராயணவனம்)

கதையும் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஆகஸ்ட் 3 என்று வைத்து நாளைக்கு 2 அத்தியாயம் போனால், புது வெள்ளம் ஆகஸ்ட் 31இல் முடியும். மொத்தம் 147 நாள், டிசம்பர் 27. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வேலையில் ஒரு வாரம் போகும். ஆகவே போகிக்குள் என்று கணக்கு வையுங்கள். மூவரும் வேறு வேறு ஆளைப் பின்தொடருங்கள். ஒருவர் பழுவேட்டரையர், ஒருவர் குந்தவை, ஒருவர் மணிமேகலை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அவரவர் ஆளுக்காக மட்டும் வாதாட வேண்டும். சின்னவருக்கு எதைக் கொடுப்பது என்றால், மணிமேகலையைக் கொடுங்கள்.